பென்சில் பிடித்த தச்சன்

2017ல் வந்த 'விக்டோரியா அண்ட் அப்துல்' படத்தில் ஓர் அறை வருகிறது. கூரையிலிருந்து சுவர்வரை வெள்ளை வெளேரென்று பூவும் கொடியும் வலையும் அடுக்கடுக்காக இறங்கும். கணப்படுப்புக்கு மேலே பெரிய மயில் ஒன்று தோகையோடு நிற்கும். செட் போட்டது என்றுதான் நினைப்போம். நிஜ அறை அது. இங்கிலாந்தின் தெற்கே ஒயிட் தீவில் விக்டோரியாவின் சொந்த வீடான ஆஸ்பர்ன் மாளிகையில் இருக்கிறது. தர்பார் அறை என்று பெயர். ராணிக்கு உருது சொல்லிக்கொடுத்த அப்துல் கரீம், ஆக்ரா சிறையில் குமாஸ்தாவாக இருந்தவர், இந்தப் படத்தின் புண்ணியத்தில் உலகம் பூராவும் தெரிந்த ஆளாகிவிட்டார். அவர்கள் நின்று வசனம் பேசுகிற அறையை உருவாக்கியது யாருன்னு படம் கேட்பதில்லை. முன்ஷிக்குக் கதை உண்டு, மிஸ்திரிக்கு ஏது?

அந்த மிஸ்திரியின் பெயர் பாய் ராம்சிங். (நம்மூரில் சொல்கிற 'பாய்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சீக்கியர்கள் மரியாதைக்காகப் பெயருக்கு முன்னால் சேர்க்கிற 'அண்ணன்' இது.) 1858ல் பஞ்சாபில் பட்டாலா பக்கத்துக் கிராமம் ஒன்றில் தச்சுக் குடும்பத்தில் பிறந்தவர். ராம்காரியா என்று தம்மைச் சொல்லிக்கொண்ட சீக்கியத் தச்சர்கள். கொஞ்ச காலம் கழித்துக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ரயில் பாதை போடுவதற்குக் கப்பலேறியவர்களில் இவர்கள் கணிசம். 1875ல் லாகூரில் மேயோ கலைப்பள்ளியைத் தொடங்கியபோது அதன் முதல் மாணவர்களில் ராம்சிங் ஒருவர். அதே பள்ளியில் வாத்தியார் ஆனார், துணை முதல்வர் ஆனார், கடைசியில் முதல்வர். 1913ல் ஓய்வு, 1916ல் மரணம். இடைப்பட்ட நாற்பது வருஷத்தில் லாகூர் மியூசியம், மேயோ பள்ளிக் கட்டடம், எய்ட்சிசன் கல்லூரி, அமிர்தசரஸ் கால்சா கல்லூரி ஆகியவற்றில் அவருடைய கை இருக்கிறது. கதவு, மேஜை, நாற்காலி, விளக்குத் தண்டு, மரத்தடுப்பு, கூரைப் பூவேலை என்று அவர் தொடாத பொருளே குறைவு. கட்டடக் கலைஞர் என்ற சொல்லும் அவருக்குப் போதாது, தச்சர் என்ற சொல்லும் போதாது. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த 'மெஸ்த்ரே' வடக்கே மிஸ்திரி ஆனது, நம்மிடம் மேஸ்திரி ஆனது. குரு என்ற பொருளுள்ள அந்தச் சொல் நம் கட்டட வேலையிடங்களில் என்னவாகத் தேய்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

இந்தக் கட்டுரை ராம்சிங்குக்குச் சிலை வைப்பதற்காக எழுதப்படவில்லை. 'ராணி வீட்டையே அலங்கரித்த இந்திய மேதை' என்கிற பெருமைக் கதையாடல் ஒருபக்கம் இருக்கிறது. 'காலனியத்தின் கையாள், வெள்ளைக்காரன் ரசனைக்கு இந்தியாவைச் செய்துகொடுத்தவன்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிற படிப்பாளிக் கதையாடல் இன்னொரு பக்கம். இரண்டுமே அவர் கையிலிருந்த பென்சிலைப் பார்க்கவில்லை. அந்தப் பென்சிலைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

தச்சன் என்றைக்கும் வரைந்துகொண்டுதான் இருந்தான். ஆனால் மரத்தின் மேலேயே வரைந்தான். நூல் போட்டு, கரிக்கோடு இழுத்து, மூலைமட்டம் வைத்துக் குறித்துக்கொண்ட கோடு உளி பட்டதும் போய்விடும். வேலை முடியும்போது வரைபடமும் அழிந்திருக்கும். காகிதத்தில் போடுகிற படம் வேறு சாதி. அது வேலைக்கு அப்புறமும் மிஞ்சுகிறது, தபாலில் போகிறது, உளி பிடிக்கத் தெரியாத ஒருத்தர் அதைப் பார்த்து 'சரி', 'சரியில்லை' என்று சொல்ல முடிகிறது. அதன் மூலையில் ஒரு பெயரை எழுதலாம். கலைப்பள்ளிகள் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது இந்த இரண்டாவது வகைக் கோடு. லண்டன் சவுத் கென்சிங்டனில் உருவான பாடத்திட்டம் அது. சென்னை, கல்கத்தா, பம்பாய் என்று போய் லாகூருக்கு வந்துசேர்ந்தது.

லாகூர் பள்ளியின் முதல் முதல்வர் ஜான் லாக்வுட் கிப்ளிங், நாவலாசிரியர் ருட்யார்ட் கிப்ளிங்கின் அப்பா. பம்பாயில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கிரேக்கச் சிலைகளின் சுண்ணாம்பு நகல்களை வைத்து இந்தியப் பையன்களை வரையச் சொல்கிற அபத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. பையன்களை வெளியே அனுப்பினார். பதினேழாம் நூற்றாண்டு வசீர்கான் மசூதியின் ஓட்டுச் சித்திரங்களையும் நகரத்துப் பழைய வீடுகளின் கதவு, பலகணிகளையும் வரையச் செய்தார். 1884ல் தொடங்கிய 'ஜர்னல் ஆஃப் இந்தியன் ஆர்ட்' இதழில் இந்த மாதிரிப் படங்கள் அச்சாயின. ராம்சிங்கின் படங்களும் அவற்றில் உண்டு. அழியப்போகிற கைவேலையைக் காப்பாற்றுகிறோம் என்பது இதன் பின்னாலிருந்த நம்பிக்கை. அந்த வேலை ஏன் அழிகிறது, யாருடைய துணியும் சாமானும் வந்து இறங்கியதால் அழிகிறது என்று கேட்டால் பதில் அதே துறைமுகத்தில்தான் இருக்கிறது. அது இருக்கட்டும்.

ஜெய்ப்பூரில் ஸ்வின்டன் ஜேக்கப் என்ற ராணுவப் பொறியாளர் இதைவிட ஒரு படி மேலே போனார். 1890ல் வரத் தொடங்கிய 'ஜெய்ப்பூர் போர்ட்ஃபோலியோ'வில் பழைய கட்டடங்களின் தூண், போதிகை, வளைவு, சாளரம், பலகணி எல்லாம் அளவெடுத்து வரையப்பட்டிருக்கின்றன. தைக்காத தனித்தனித் தாள்கள். எந்தக் காலம், எந்த மதம், எந்த ஊர் என்ற வரிசை கிடையாது. தூண்களெல்லாம் ஒரு கட்டு, வளைவுகளெல்லாம் ஒரு கட்டு. வேண்டியதை உருவி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பண்பாட்டைப் பிரித்து உதிரிப்பாகமாக அடுக்கிவைப்பது எப்படி என்பதற்கு இதைவிடத் துல்லியமான பிரதி கிடைக்காது. இதிலுள்ள கோடுகளைப் போட்டதும் இந்தியக் கைகள்தான்.

ராம்சிங் வரையக் கற்றது இந்தச் சூழலில். இங்கேதான் சாதி வருகிறது. மேயோ பள்ளியில் கிப்ளிங் விரும்பிச் சேர்த்தது கைவினைச் சாதிப் பிள்ளைகளை. தச்சன் மகன் தச்சு வேலையையும் கொல்லன் மகன் உலோக வேலையையும் மேம்படுத்திக்கொண்டு அப்பன் பட்டறைக்கே திரும்பிப் போகணும் என்பது எண்ணம். 1953ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று அடையாளம் கண்டு விரட்டியடித்த நமக்கு இந்த வாசனை உடனே பிடிபடும். ஆனால் பையன்கள் வேறு கணக்குப் போட்டார்கள். வரையத் தெரிந்துவிட்டால் டிராயிங் மாஸ்டர் ஆகலாம், பொதுப்பணித் துறையில் வரைவாளர் ஆகலாம், மாசச் சம்பளம் வாங்கலாம். பட்டறைக்கு ஏன் திரும்பணும்? கைவினையைக் காப்பாற்ற வந்த பள்ளி கைவினைஞர்களை வெளியே இழுத்துக்கொண்டு போகிறதே என்று ஆங்கிலேய அதிகாரிகள் அங்கலாய்த்தார்கள். அவர்கள் அழட்டும். இழைப்புளி தள்ளித் தோள் வலி கண்டவனுக்குத்தான் பென்சில் எவ்வளவு லேசானது என்று தெரியும். கைவினையின் அழிவுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் பெரும்பாலும் அதைச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் என்பதை ராம்சிங் காலத்து ஆவணங்களும் சொல்கின்றன, நம் காலத்துக் கதர் விழாக்களும் சொல்கின்றன.

ராம்சிங்கின் விசேஷம், அவர் பென்சிலை எடுத்தபிறகும் உளியைக் கீழே வைக்கவில்லை என்பது. ஆஸ்பர்னில் அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் பாக்ஷாட் பார்க். விக்டோரியாவின் மூன்றாவது மகன் கன்னாட் கோமகனின் வீடு. (1998 முதல் இளவரசர் எட்வர்டு குடியிருக்கும் வீடு.) 1880களில் இந்தியாவிலிருந்தபோது பஞ்சாப் மரவேலையில் மயங்கிய கோமகன், தன் பில்லியர்ட்ஸ் அறைக்கு அதே மாதிரி வேணும் என்று கேட்டார். கிப்ளிங்கும் ராம்சிங்கும் வரைந்தார்கள். பலகைகள் பஞ்சாபில் செதுக்கப்பட்டு, கப்பலில் போய், சுவரில் பொருத்தப்பட்டன. பில்லியர்ட்ஸ் ஆடுவதற்கு ஒரு குட்டி லாகூர். இதில் வேலை மரத்தில் நடந்தது, தச்சர்கள் கையால் நடந்தது. காலனியச் சந்தையாக இருந்தாலும் தச்சு தச்சாகவே இருந்தது.

மகன் வீட்டைப் பார்த்த அம்மாவுக்கும் ஆசை வந்தது. ஆஸ்பர்னில் பெரிய விருந்து என்றால் தோட்டத்தில் கூடாரம் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கட்டிய பகுதியில் விருந்து மண்டபம் இந்திய பாணியில் இருக்கணும் என்று முடிவாயிற்று. ஒட்டுமொத்த யோசனை கிப்ளிங்கினுடையது. விவரங்களை வரையவும் செய்யவும் 1891ல் ராம்சிங் கப்பலேறினார். சுமார் இரண்டு வருஷம் இங்கிலாந்தில் இருந்தார்.

இப்போ வேடிக்கையைப் பாருங்க. தர்பார் அறையில் நாம் பார்க்கிற வெள்ளைப் பூவேலை எதுவும் மரம் இல்லை, கல்லும் இல்லை. நார் கலந்த சுண்ணச்சாந்தும் காகிதக்கூழ்ச் சாந்தும். ராம்சிங் வரைந்து, மரத்தில் மூல வடிவம் செதுக்குவார். அதிலிருந்து அச்சு எடுத்து லண்டனின் ஜாக்சன் அண்ட் சன்ஸ் கம்பெனிக்காரர்கள் வேண்டிய எண்ணிக்கையில் வார்த்துத் தள்ளுவார்கள். அந்தக் கம்பெனிக்கு மயிலும் ஒன்றுதான், ஆங்கிலேயப் பிரபு வீட்டு திராட்சைக்கொடியும் ஒன்றுதான். பஞ்சாபில் 'பிஞ்ரா' என்று ஒரு வேலை உண்டு. சின்னச் சின்ன மரச் சில்லுகளை ஆணி இல்லாமல், ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும்படி கோத்துச் சாளரம் செய்வது. ஒரு சில்லு மாறினால் மொத்தமும் கழன்றுவிடும். அந்த மரபில் வளர்ந்த கை, ஒரே பூவை ஒருமுறை செதுக்கி நூறுமுறை வார்க்கவிட வேண்டியிருந்தது. மூளை ஒரு நாட்டில், அச்சு ஒரு பட்டறையில், உழைப்பு கூலிக்காரரிடத்தில் என்று பிரிந்துபோகிற நவீன உற்பத்தியின் வாசலில் தச்சர் ஒருவர் நிற்கிறார். இந்தமுறை அவர் நிற்பது வடிவம் தருகிற பக்கம். அச்சில் வார்க்கிற வெள்ளைக்காரத் தொழிலாளி எதிர்ப்பக்கம். இந்தத் தலைகீழ் நிலைமையை 'காலனியச் சுரண்டல்' என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது.

சுவர்ப் பூவேலையோடு நிற்கவில்லை. நாற்காலிகளுக்கு வரைந்தார். அப்போது புதுசாக வந்த மின்விளக்குகளுக்குக் குடம் போன்ற வடிவத்தில் தண்டுகள் வரைந்தார். மொகலாய ஜாலி, ராஜபுத்திரப் போதிகை, கதவுக்கு மேலே ஒரு பிள்ளையார், அடுப்புக்கு மேலே மயில். செய்தவர் சீக்கியர், சாப்பிடுகிறவர்கள் கிறிஸ்தவர்கள், விநாயகருக்கு மட்டும் சுபகாரியம் பார்க்கிற பழைய உத்தியோகம். எந்த இந்தியக் கட்டடத்திலும் இவையெல்லாம் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. ஜேக்கபின் உதிரித் தாள்களை உருவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி இருக்கிறது. என்றாலும் அறையை ஒரு பதினைந்து நிமிஷம் படங்களிலாவது உற்றுப் பார்த்தால் வேறொன்று தெரியும். கூரையின் கட்டங்களும் சுவரின் கட்டங்களும் ஒரே அளவுக் கணக்கிலிருந்து பிறக்கின்றன. நிழல் எவ்வளவு ஆழத்தில் விழணும் என்று கணக்குப் போட்டே சாந்து எழுப்பப்பட்டிருக்கிறது. உதிரிகளைச் சேர்த்து ஒட்டியவனுக்கு இது வராது. மரத்தின் ஆழம் தெரிந்த கைக்கு மட்டும் வரும். தன் கோடு எங்கே இருட்டாகும் என்று தச்சனுக்குத் தெரிந்திருந்தது.

இந்த அறையை ரொம்ப காலம் 'கிப்ளிங் வடிவமைத்தது' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள், ராம்சிங் 'உதவினார்'. லாகூர் மியூசியத்துக்கும் இதே கதி. 1890ல் அடிக்கல் நாட்டி 1894ல் திறந்த அந்தச் சிவப்புச் செங்கல் கட்டடத்தைப் பார்க்கிறவர்களுக்கு 1901ல் வந்த 'கிம்' நாவல்தான் ஞாபகம் வருகிறது. நாவலின் முதல் பக்கத்திலேயே எதிரே பீரங்கி, இங்கே 'அதிசய வீடு', உள்ளே வெள்ளைத்தாடிக் காப்பாளர். அந்தக் காப்பாளர் எழுத்தாளரின் அப்பாதான். ராம்சிங்கின் பெயர் முறையாக மேலே வருவதற்கு லாகூர்க் கட்டடக் கலைஞர்களான பர்வேஸ் வந்தல், சாஜிதா வந்தல் இருவரும் 2006ல் அவரைப் பற்றி முழுப் புத்தகம் எழுத வேண்டியிருந்தது. இதற்கு 1947ம் ஒரு காரணம். மியூசியமும் கலைப்பள்ளியும் பாகிஸ்தானுக்குப் போயின. கால்சா கல்லூரி இந்தியாவில் தங்கியது. இரண்டு ஊருக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்தான். பாகிஸ்தானுக்குச் சீக்கியர் ஒருவரைத் தன் கலைஞராகச் சொல்லிக்கொள்ள எந்த அவசரமும் இல்லை. இந்தியாவுக்கு லாகூர்க்காரர் ஒருவர் தேவைப்படவில்லை.

பெயர் போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது சித்தாந்த சம்பந்தமானது. ஆஸ்பர்ன் தர்பார் அறைக்குப் போகிற நடைபாதைச் சுவரில் ஓவியங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. ஆஸ்திரிய ஓவியர் ருடால்ஃப் ஸ்வோபோடா ராணிக்காக வரைந்த இந்திய முகங்கள். 1886ல் லண்டனில் நடந்த காலனிய, இந்தியக் கண்காட்சியில் நெசவாளி, குயவர் என்று முப்பத்துச் சொச்சம் கைவினைஞர்களை உட்காரவைத்து வேலை செய்யச் சொல்லிக் காட்டினார்கள். 'தொன்மையான இந்தியக் கிராமத்துக் கைவினைஞர்' என்று ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்த அந்த ஆட்கள் வந்தது ஆக்ரா சிறைச்சாலையிலிருந்து. கைதிகளுக்குச் சிறையில் தொழில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதில் நூறு வயசு தாண்டியவர் என்று சொல்லப்பட்ட பக்ஷிராம் என்ற குயவரின் முகத்தையும் ஸ்வோபோடா வரைந்தார். 1892ல் அதே ஸ்வோபோடா ராம்சிங்கையும் வரைந்தார். அந்தப் படமும் இதே வரிசையில். ஜன்னல் தூரத்தில் தான் செய்த அறை, சுவரில் தான். பக்கத்தில் சிறைக் கைதிகள், சிப்பாய்கள், வேலைக்காரர்கள். பள்ளி வாத்தியாராக, வடிவமைப்பாளராக வந்தவர் 'பஞ்சாபித் தச்சர், ஒரு மாதிரி' ஆகிவிடுகிறார். தனிமனிதனை வகைமாதிரியாக மாற்றுவதற்கு வெறுப்பு தேவையில்லை. ராணி அவர்மேல் பிரியமாகத்தான் இருந்தாள்.

வகைமாதிரிக்குப் பெயர் தேவைப்படாது. இதைக் காலனியம் மட்டுமா சொன்னது? 1909ல் ஆனந்த குமாரசாமி 'இந்தியக் கைவினைஞன்' புத்தகத்தை வெளியிட்டார். யாழ்ப்பாணத் தமிழ்ப் பரம்பரையில் முத்துக் குமாரசாமியின் மகன். நமக்குச் சொந்தக்காரர், அதனால் கூடவே கறாராகப் பேசலாம். இந்தியக் கைவினைஞன் தன் பெயருக்காகச் செய்வதில்லை, சாதியும் குழுமமும் பரம்பரையும் அவனைத் தாங்குகின்றன, தனித்துவம் என்ற மேற்கத்திய நோய் அவனுக்கில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். மேற்கத்திய இயந்திரத்துக்கு எதிராக வைக்கப்பட்ட வாதம், அதற்குரிய மரியாதை உண்டு. ஆனால் அதே வருஷங்களில் லாகூரில் ஒரு தச்சன் மகன் தன் பெயரை வரைபடத்தின் மூலையில் எழுதிக்கொண்டிருந்தார். முதல்வர் நாற்காலிவரை வந்துகொண்டிருந்தார். சென்னைக் கலைப்பள்ளிக்கு தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்ற முதல் இந்தியத் தலைவர் வர 1929 ஆயிற்று என்பதோடு இதை வைத்துப் பார்க்கணும். பெயரின்மையை ஆன்மிகமாக்கிப் பேசுகிற தத்துவத்தில் இந்த ராம்சிங்குக்கு எங்கே இடம்?

நம் சிறுபத்திரிகைகளில் 'ஆசிரியனின் மரணம்' பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், இன்னும் பேசுகிறோம். பார்த் 1967ல் அதைச் சொன்னபோது அவர் முன்னாலிருந்தது பல்சாக். பெயர் அளவுக்கு மீறிப் பெருத்துப்போன ஆசிரியன். அவன் செத்தால் பிரதிக்கு விடுதலை. பெயரே எழுதப்படாதவன் எப்படிச் சாவது? கோயில் தூணில் பெயரில்லை, தேர்ச் சக்கரத்தில் பெயரில்லை, நம் வீட்டுக் கதவிலும் செய்தவர் பெயரில்லை. இவர்களுக்கு 'பிரதியே போதும்' என்று சொல்வது ரொம்ப வசதியான மரணச் சான்றிதழ். ராம்சிங்கின் காகிதக் கோடு காலனியத்தின் கருவி என்பது உண்மை. அந்தக் கருவி வழியாகத்தான் ஒரு தச்சருக்கு வரலாற்றில் கையெழுத்துப் போடுகிற இடம் கிடைத்தது என்பதும் உண்மை. பிஞ்ரா செய்த ஆயிரக்கணக்கான தச்சர்கள் பெயரின்றிப் போனார்கள். அவர்களிடமிருந்து அவரைப் பிரித்ததும் அதே காகிதம்தான். கால்சா கல்லூரிக் கட்டடத்தில் உளி பிடித்தவர்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை, ராம்சிங் பெயர் வந்தது.

டெல்லியைப் புதுத் தலைநகராகக் கட்டப்போகிறார்கள் என்று ஆனபோது ஒரு விவாதம் கிளம்பியது. ஈ.பி. ஹேவல், கல்கத்தாவுக்குப் போவதற்கு முன்னால் நம் சென்னைக் கலைப்பள்ளியில் வேலை பார்த்தவர், இந்திய மேஸ்திரிகளைக் கொண்டே தலைநகரைக் கட்டணும் என்று வாதாடினார். வரைபடம் இல்லாமலே கட்டத் தெரிந்த, எழுத்தறிவில்லாவிட்டாலும் மரபறிவுள்ள மிஸ்திரி ஒருவனை மனதில் வைத்துக்கொண்டு பேசினார்கள். இங்கிலாந்தின் பிரபலங்கள் பலர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அது 1913. மியூசியமும் கல்லூரிகளும் கட்டி, ராணியின் மண்டபத்தையும் முடித்து, மரத்திலும் சாந்திலும் காகிதத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யத் தெரிந்த மிஸ்திரி லாகூரில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அதே வருஷம். டெல்லியை லட்யன்ஸும் பேக்கரும் கட்டினார்கள்.